பழைய இசைத்தட்டும் பிறர் ஹக்கும்



பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதில் ஈடுபாடு கொண்ட நண்பர்கள் நாங்கள் மூவர். கடந்த ஆண்டு கடற்கரையோர ஊர் ஒன்றில், கணவரை இழந்த முதிய பெண்மணி ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியை வாங்கி வந்தோம். அவருடைய கணவர் பல்லாண்டுகள் பினாங்கில் இருந்த சபராளி. அவர் கொண்டுவந்து சேர்த்த 43 தட்டுகள் அந்தப் பெட்டியில் இருந்தன. “இரும்புக்கடைக்காரர் 200 ரூபாய்தான் தருவேன்னு சொன்னார், தம்பி. நீங்க எவ்வளவு தருவீங்க?” என்று அந்த அம்மையார் கேட்டார். நாங்கள் 600 ரூபாய் என்றோம். அவர் மனம் மகிழ்ந்து, எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் கையேந்தி துஆச் செய்து அனுப்பி வைத்தார்.

அந்தப் பெட்டியிலிருந்த தட்டுகளுள் ஒன்று மட்டுமே அந்தத் தொகையைப்போல் பல மடங்கு பெறும் என்பது பெட்டியைத் திறந்தபோதே எங்களுக்குத் தெரியும். ஊர் திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே மகிழ்ந்து பேசினோம். இரவில் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தத் துஆ எங்களை உறுத்தத் தொடங்கியது. எங்கள் நன்மைக்காக ஒருவர் கையேந்திய வேளையில், அவருடைய அறியாமையால் வந்த ஆதாயத்தை நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். இக்கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து பிறந்தது.

தட்டுகள் வந்த வழி

இளையோருக்காகச் சிறிது விளக்க வேண்டியுள்ளது. நம் பாட்டனார் காலத்துக் கிராமபோன் தட்டு அரக்கினால் ஆனது. மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல் தூளைக் கலந்து அதைச் செய்தனர். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 10 அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிட ஒலியே அடங்கும். கை தவறினால் ஓடுபோல் உடைந்துவிடும். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், வினைல் என்னும் நெகிழியால் ஆன நெடுந்தட்டை வெளியிட்டது. எல்.பி. எனப்பட்ட அத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேலாக ஒலித்தது. அடுத்த ஆண்டே 45 சுற்று சுழலும் 7 அங்குலச் சிறு தட்டும் வந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. தட்டுகள் இந்தியாவெங்கும் பரவின.

நம் சமுதாயத்துக்கும் இத்தட்டுகளுக்கும் உள்ள உறவு பழையது. நாகூர் ஈ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் கம்பீரக் குரல், ஒலிநாடா வருவதற்கு முன்பே இத்தட்டுகளின் வழியாக நம் திருமண வீடுகளுக்கும் மீலாது மேடைகளுக்கும் வந்து சேர்ந்தது. திருக்குர்ஆன் ஓதலும் தட்டில் வந்ததுண்டு. எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் குர்ஆன் முழுவதையும் ஓதிய பதிவு 1961-இல் இசைத்தட்டுகளாகவே முதலில் வெளியாயிற்று.

பின்னர் ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, கைப்பேசி வந்தது. தட்டுகள் பரணுக்கும், அங்கிருந்து காயலான் கடைக்கும் போயின. காயல்பட்டினத்து வணிகர்களால்தான் பழைய பொருள் கடைக்கு அப்பெயர் வந்தது என்று சொல்வார்கள். 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு பழைய தட்டுகளும் குவிந்து கிடந்ததை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. 1987-க்குப் பிறகு முதன்முறையாக 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் அதிகமாக விற்றன. அந்த ஆர்வம் நம் நகரங்களுக்கும் வந்துவிட்டது. பரணில் கிடப்பதைக் குப்பை என்று வீட்டார் நினைக்கின்றனர். வாசலில் நிற்பவருக்கோ அதன் விலை தெரிகிறது. இந்த இடைவெளியில்தான் நம் ஈமானுக்குச் சோதனை வைக்கப்பட்டிருக்கிறது.

அறியாதவரிடம் வாங்குவது

சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களில் மிக உயர்ந்த பெருமை எது தெரியுமா? “இதை நான் ஐம்பது ரூபாய்க்கு வாங்கினேன்” என்பதுதான். தட்டு எவ்வளவு அரியது என்பதைவிட, விற்றவருக்கு அதன் அருமை தெரியாமல் இருந்தது என்பதே கதையின் சுவை. அந்தச் சுவையை மார்க்கத்தின் உரைகல்லில் ஒருமுறை உரைத்துப் பார்ப்போம்.

ஷுஐப் (அலை) அவர்கள் தம் மக்களை எச்சரித்தபோது, அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மக்களின் பொருள்களுக்கு உரிய மதிப்பைக் குறைத்துவிடாதீர்கள் என்றும் கூறினார்கள். திருக்குர்ஆன் இதை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுத்துரைக்கிறது. தராசில் கை வைக்காமலேயே பிறர் பொருளின் மதிப்பைக் குறைத்துவிட முடியும் என்பதை அந்த எச்சரிக்கை நமக்கு உணர்த்துகிறது.

நபி (ஸல்) அவர்கள், வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதைத் தடுத்தார்கள். வருபவருக்குச் சந்தை விலை தெரியாது. எதிர்கொண்டு வாங்குபவருக்குத் தெரியும். அப்படி ஒருவர் வாங்கிவிட்டால், விற்றவர் சந்தையை அடைந்த பிறகு அந்த வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைக்கும் முதியவர், சந்தையைச் சென்றடையாத அந்த வணிகரைப் போன்றவர் அல்லவா?

நபித்தோழர் ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் ஆழமாகத் தைக்கிறது. அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்கு விலை பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதைவிட அதிகம் பெறும் என்று விற்பவரிடமே கூறி, விலையைப் படிப்படியாகத் தாமே உயர்த்தி, 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். காரணம், ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருந்தார்கள். விற்பவர் திருப்தியாக இருந்தார் என்பது அவர்களுக்குப் போதுமானதாக இல்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. இருவரும் மனம் ஒப்பிப் பேசிய விலை செல்லும்; விலையில் பெரிய இழப்பு ஏற்பட்டது என்பது மட்டுமே வணிகத்தை முறிக்காது என்பது நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. மேலும், தட்டை இனங்காணும் அறிவைச் சேகரிப்பாளர் பல ஆண்டு உழைப்பால் பெறுகிறார். பெட்டியில் பாதி கீறல் விழுந்து வீணாய்ப் போயிருக்கலாம்; அந்த இழப்பையும் அவரே ஏற்கிறார். ஆகவே ஆதாயம் தவறன்று. கடை விரித்து அமர்ந்திருக்கும் வணிகரிடம் பேரம் பேசி வாங்குவதையும் நாம் குறை கூறவில்லை. அவர் சந்தையில் இருப்பவர். விலையை விசாரித்து அறிவது அவருடைய தொழில்.

ஆனால் வீட்டில் இருக்கும் மூதாட்டி சந்தையில் இல்லை. அவர் நம் தாடியையும் தொப்பியையும் ஸலாமையும் பார்த்து நம்பி விற்கிறார். சட்டப்படி செல்லும் என்பது ஒன்று. நாளை மஹ்ஷரில் அவர் முகத்தைப் பார்த்து நிற்க முடியுமா என்பது வேறொன்று. இதைவிடக் கொடியது, “பாட்டுத் தட்டு வீட்டில் இருப்பது ஹராம், ராத்தா, யாரிடமாவது தள்ளிவிடுங்கள்” என்று மார்க்கத்தைக் காட்டி விலையைக் குறைத்து, பிறகு அதே தட்டை நல்ல விலைக்கு விற்பது. மார்க்கத்தைப் பேரத்துக்குக் கருவியாக்குவது இசை கேட்பதைக் காட்டிலும் அஞ்ச வேண்டிய செயல் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது.

பெட்டி யாருடையது?

விலைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இப்பெட்டி யாருடையது? பழைய தட்டுகளுள் பெரும்பாலானவை மௌத்தானவர்களின் பொருள்கள். ஒருவர் மௌத்தான அந்நொடியே, அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியவை யாவும் வாரிசுகளின் பொருளாகிவிடுகின்றன. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. பிள்ளைகள் இல்லையெனில் நான்கில் ஒரு பங்கு. வீட்டையும் தோப்பையும் பிரிக்கும்போது இதை நினைவில் வைக்கும் நாம், பரணில் கிடக்கும் பெட்டி, அலமாரிப் புத்தகம், கைக்கடிகாரம் ஆகியவற்றில் மறந்துவிடுகிறோம். வாரிசுகளுள் சிறுவர் இருந்தாலோ அது அனாதையின் பொருள். அதை அநியாயமாக உண்பது வயிற்றில் நெருப்பை நிரப்பிக்கொள்வது என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஆகவே வாங்குபவர், “மற்றவர்களுக்கும் சம்மதம்தானா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். விற்பவரும் தம் உடன்பிறந்தாருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை பிற்காலத்தில் எத்தனையோ மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

தூய்மையும் பளபளப்பும்

வாங்கிய தட்டைக் கழுவித் துடைப்பதில் தனி இன்பம் உண்டு. ஆயினும் அறியாமல் செய்தால் பொருள் பாழாகும். அரக்குத் தட்டின் மீது ஸ்பிரிட் போன்ற ஆல்கஹால் கலந்த எதையும் ஊற்றக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் ஓரிரு துளி கலந்து, மிருதுவான துணியால் துடைத்து, வெறும் வடித்த நீரால் மீண்டும் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். வினைல் தட்டுக்கும் இம்முறையே பொருந்தும். குழாய் நீரில் உப்பு மிகுதி. உலர்ந்த பின் அது வரிப்பள்ளங்களில் படிந்து ஊசியின் வழியில் கரகரக்கும். துடைக்கும் கை வட்டமாக, வரிகளின் போக்கிலேயே செல்ல வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கே கீறலாகும். நடுவிலுள்ள காகித வில்லையில் நீர் படக் கூடாது.

நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் உறையும் தட்டும் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளை நிமிர்த்தி வைப்பதே முறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அரக்குத் தட்டு விரிசல் விடும். வினைல் தட்டு வளையும். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு பிற்பகல் விட்டாலே வினைல் அப்பளம்போல் நெளிந்துவிடும். 78 சுற்றுத் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது, எல்.பி.யின் பள்ளம் நுண்ணியது. இரண்டுக்கும் ஒரே ஊசியைப் பயன்படுத்தினால் தட்டும் கெடும், ஊசியும் கெடும்.

இத்தூய்மைப் பணிக்குள்ளும் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. எண்ணெயோ மெழுகோ பூசி, கீறல் தெரியாதபடி தட்டைப் பளபளக்கச் செய்து விற்போர் உள்ளனர். கண்ணுக்குப் புதியதாகத் தோன்றும். ஊசி வைத்ததும் உண்மை வெளிப்படும். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வணிகரைக் கடிந்ததையும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்ததையும் நாம் ஜும்ஆப் பேருரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். பூசிய தட்டும் மேலே உலர்ந்து உள்ளே நனைந்த தானியமே. விற்குமுன் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டு, எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் ஊசி தாவுகிறது என்று எழுதி உறைக்குள் வைத்துவிட்டால் மனம் தெளிவாகும். உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தும் வணிகத்தில்தான் பரக்கத் என்பது நபிமொழி நமக்குத் தரும் உறுதி.

கேட்பதன் எல்லை

“இசையே கூடாது என்னும்போது தட்டு எதற்கு?” என்று சிலர் கேட்பது நியாயமே. இசைக்கருவிகளைப் பற்றிய மார்க்கச் சட்டம் இன்று நேற்றுத் தொடங்கிய விவாதமன்று. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் கருவியிசையை விலக்கியுள்ளனர். இப்னு ஹஸ்ம் போன்றோர் வேறு கருத்துக் கொண்டனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கேட்பவரின் நிலையையும் கேட்கப்படுவதன் பொருளையும் வைத்து விரிவாக ஆராய்ந்தார்கள். இங்கு நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு அதன்படி நடங்கள். குர்ஆன் ஓதல், சொற்பொழிவு, துஃப் முழக்கத்தோடு வரும் புகழ்ப்பா என்று தெரிந்து கேட்பவர்களும் நம்மிடையே உள்ளனர்.

ஒலிப்பதிவுக் கருவி வந்த காலத்திலேயே நம் முன்னோர் இவற்றைப் பற்றிச் சிந்தித்தனர். இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் வாழ்ந்த அறிஞர் சையித் உஸ்மான், போனோகிராபில் குர்ஆன் ஓதலை ஒலிக்கச் செய்வது குறித்து 1899-லேயே எழுதினார். கருவி புதிது என்பதற்காக அவர்கள் மிரண்டு ஓடவுமில்லை, மயங்கி விழவுமில்லை. அதன் ஒழுங்கு என்ன என்று கேட்டனர். குர்ஆன் தட்டு ஓடும்போது அரட்டை அடிக்கலாகாது என்னும் அதே ஒழுங்கு இன்று கைப்பேசிக்கும் பொருந்தும்.

கேட்பது ஆகுமானது என்று கொள்பவருக்கும் எல்லை உண்டு. பாங்கு ஒலிக்கும்போது ஊசியைத் தூக்கி வைக்க முடியாதவருக்கு அந்தப் பொழுதுபோக்கு எஜமானாகிவிட்டது என்று பொருள். கேட்க நேரமில்லாமல் 500 தட்டு சேர்த்தவர் கேட்பவரல்லர், எண்ணுபவர். அதிகம் தேடும் ஆசை மண்ணறை வரை மனிதரைப் பராக்காக்கிவிடும் என்று சூரா தகாஸுர் சொல்வது பொன்னுக்கும் பொருந்தும், தட்டுக்கும் பொருந்தும். இல்லத்தரசி மளிகைக் கணக்குப் பார்க்கும் மாதத்தில் கணவர் அரிய தட்டுக்கு ஆயிரங்களைக் கொடுப்பது வீண்விரயமே.

திருப்பிச் சென்றோம்

ஒரு மாதம் கழித்து நாங்கள் மூவரும் அந்த ஊருக்கு மீண்டும் சென்றோம். பெட்டியையும் எடுத்துச் சென்றோம். எந்தத் தட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதி அந்த அம்மையாரிடம் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, “இது எனக்கு மட்டும் உள்ளதில்லை, தம்பி. மூணு பிள்ளைகளுக்கும் ஹக்கு இருக்கு. குப்பைன்னு நெனச்சுதான் கேக்காமக் குடுத்துட்டேன். விலை இருக்குன்னு தெரிஞ்ச பிறகு கேக்காமக் கொடுத்தா நான் குத்தவாளி” என்றார். பராயிள் பற்றிப் பேச நாங்கள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துச் சென்றிருந்தோம். பேச வேண்டிய தேவையே எழவில்லை.

இரு மகள்களும் வெளிநாட்டிலிருந்த மகனும் கலந்து பேசினர். ஒன்பது தட்டுகளைத் தங்களுக்கென வைத்துக்கொண்டனர். மற்றவற்றை நியாய விலைக்கு எங்களுக்கே தந்தனர். எல்லாத் தட்டுகளின் ஒலியையும் கணினியில் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்பிவைத்தோம். எங்களுக்குக் கிடைக்கவிருந்த ஆதாயத்தில் பெரும்பகுதி போயிற்று. இப்போது அத்தட்டுகளைக் கேட்கும்போது அவருடைய துஆ உறுத்துவதில்லை.

சகோதரர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பெட்டி இருந்தால் அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். வினைல் மட்காது, எரித்தால் நச்சுப்புகை எழும். ஆகவே குப்பையில் எறிவதும் தீங்கே. முதலில் வாரிசுகளைக் கேளுங்கள். இரண்டு இடங்களில் விலை விசாரியுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். நீங்கள் வாங்குபவராக இருந்தால், தெரிந்ததைச் சொல்லுங்கள். விசாரித்து வர அவருக்கு நாலு நாள் அவகாசம் கொடுங்கள். அந்த நாலு நாளில் தட்டு வேறொருவர் கைக்குப் போகலாம். போனால் போகட்டும். நமக்கென விதிக்கப்பட்ட ரிஸ்க் நம்மைவிட்டுப் போகாது.

பிறர் ஹக்கில் ஒரு தூசும் நம் கையில் ஒட்டாமல் வாழவும், நம் வணிகத்திலும் பொழுதுபோக்கிலும் பரக்கத்தைப் பெறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.